புளியமரப் பட்டைக்குள்ள செதில் பூச்சி, புது இனமா இருக்குமா?

புளியந்தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு தேன்கனிக்கோட்டை பக்கம் தாத்தா காலத்து புளியமரம் ஏழெட்டு நிக்குது. போன வாரம் புளி உலுக்கப் போனப்ப ஒரு மரத்துல பட்டை வெடிச்சு தொங்கிட்டு இருந்துச்சு, பேத்துப் பாத்தா உள்ள பஞ்சு மாதிரி வெள்ளை மெழுகு, ஊதிவிட்டா கேழ்வரகு சைஸ்ல பழுப்பு உருண்டைங்க பட்டையில குழி பண்ணி உக்காந்திருக்கு. காலும் இல்ல, தலையும் தெரியல. ஒண்ணைக் குண்டூசியால குத்தினா செவப்பா தண்ணி வருது. மரவள்ளி மாவுப்பூச்சி நல்லாவே தெரியும், இது அது இல்லைங்க. விலங்கியல் படிக்கிற தங்கச்சி புது இனமா இருக்கலாம்ங்குறா. அப்பா மருந்தடிக்கச் சொல்றாரு. அதுக்குள்ள என்ன பண்ணணும்?

பூச்சிக்கண்ணாடி:
மருந்தை நிறுத்தி வைங்க தம்பி. செடியில ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சுற செதில் பூச்சியில (மாவுப்பூச்சியும் இந்த வகைதான்) பேர் வச்சதே எட்டாயிரம் இனம் கிட்ட இருக்கு, பட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கிறத யாரும் அவ்வளவா தேடுறதில்ல, அதனால புதுசு கிடைக்க வாய்ப்பிருக்கு. ஆனா வெளித்தோற்றத்த வச்சு சொல்லவே முடியாது. வளர்ந்த பெண் பூச்சிய காரக் கரைசல்ல (ஆல்கலி) ஊறவச்சு, உள்ள இருக்கிறதையெல்லாம் கழுவி, வெறும் தோலை மட்டும் சாயமேத்தி ஸ்லைடுல ஒட்டுவாங்க. அந்தத் தோல்ல இருக்கிற மெழுகுத் துளை, முடி, உணர்கொம்பு எத்தனை எங்க இருக்குன்னு மைக்ரோஸ்கோப்புல எண்ணித்தான் இனம் பிரிக்கிறது. ஆணுக்கு றெக்கை உண்டு, வாயே கிடையாது, கொஞ்ச நாள்ல செத்துரும், அத வச்சு பேர் வைக்கிறது அபூர்வம்.

முக்கியமா ஒண்ணு. நீங்க பாத்த காலில்லாத உருண்டை வளர்ந்த பெண்ணாவே இல்லாம இருக்கலாம். பட்டைக்குள்ள வாழுற செதில் பூச்சிக் குடும்பங்கள் சிலதுல நடுப்பருவத்துல கால் போயிரும், பெண் வளர்ந்து வெளிய வர்றப்ப மறுபடி கால் வந்துரும். அதனால ஒரே நாள்ல சுரண்டி எடுத்தா பத்தாது, மாசாமாசம் கொஞ்சம் பட்டையோட வெட்டி எடுத்து ஆல்கஹால்ல போடுங்க, எந்த மரம், எந்த ஊர், தேதி எல்லாம் பென்சில்ல எழுதி பாட்டிலுக்குள்ளயே போட்டுருங்க, பேனா மை கரைஞ்சிரும்.

ஊத்தங்கரைக்காரன்:
பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு அப்பா கேட்டா மரவள்ளிய சொல்லுங்க. 2020ல திருச்சூர்ல அந்த மாவுப்பூச்சி இன்னதுன்னு கண்டுபிடிச்சாங்க, அப்புறம் நம்ம தருமபுரி சேலம் பக்கமெல்லாம் குருத்து சுருண்டு போச்சு. பேர் சரியா தெரிஞ்சதாலதான் அந்தப் பூச்சிக்குள்ள முட்டை போட்டு அதைக் கொல்லுற குட்டிக் குளவிய ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுலேர்ந்து வரவழைக்க முடிஞ்சுது. இனம் தப்பாயிருந்தா அந்தக் குளவி திரும்பிக்கூட பாத்திருக்காது.

பூச்சிக்கண்ணாடி:
அருமையா சொன்னீங்கண்ணா. தம்பி, பெங்களூரு உங்களுக்குப் பக்கம்தானே, அங்க வேளாண் பூச்சிகளுக்குன்னே மத்திய அரசு நிறுவனம் இருக்கு, மாதிரிய அவங்களுக்குக் காட்டலாம். புதுசுன்னு உறுதியாச்சுன்னா ஒரு ஸ்லைடை மூலமாதிரின்னு குறிச்சு காப்பகத்துல வைப்பாங்க. நாளைக்கு யாருக்கு சந்தேகம் வந்தாலும் அந்த ஒத்த ஸ்லைடோடதான் ஒப்பிடணும்.

புளியந்தோப்பு:
ரொம்ப நன்றிங்கண்ணா. அப்பாகிட்ட மரவள்ளி கதைய சொன்னேன், அந்த ஒரு மரத்த மட்டும் விட்டுர்றேன்னுட்டாரு. இன்னிக்கு காலையில தங்கச்சி லென்ஸ் வச்சு பாத்தா, மெழுகுக்குள்ள ஒண்ணே ஒண்ணு ஆறு காலோட மெதுவா நகருது. பட்டையோட எடுத்து பாட்டில்ல போட்டுட்டோம், சீட்டு பென்சில்லதான் எழுதினது.