‘மூக்கு எங்கே?’: லோஜ்பானில் எப்படிச் சொல்வது?

கேள்வி
குழந்தையைக் கொஞ்சும்போது சொல்கிற வரிகளை லோஜ்பானுக்கு (தர்க்கத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கிய செயற்கை மொழி) கொண்டுவரப் பார்க்கிறேன்: ‘மூக்கு எங்கே?’, ‘காணோம்… இதோ!’, ‘பிடிக்க வர்றேன்’, ‘கடிச்சுத் தின்னுடுவேன்’, ‘சிரி செல்லம்’. முதல் வரி அகராதிப்படி ‘லோ டோ நஸ்பி ஷு ஸ்வாத்தி மா’ என்று வருகிறது. இலக்கணம் சரி, ஆனால் எங்கோ இடிக்கிறது.

பதில் 1
இடிப்பது ‘ஸ்வாத்தி’. அது நிஜமாகவே இருப்பிடம் கேட்கும்; ‘முகத்தில்’ என்பதுதான் அதற்குப் பதில். தமிழில் நாம் கேட்பது ‘தொட்டுக் காட்டு’ என்பதைத்தான். ஆகவே கோ பென்ஷு லோ டோ நஸ்பி.

‘கோ’ போட்டால் ஏவல். ‘டோ’ வெறும் ‘நீ’ என்பதால் ‘டோ பென்ஷு’ என்றால் ‘நீ தொடுகிறாய்’ என்ற தகவல் ஆகிவிடும். ‘காட்டு’ என்று தேடினால் ‘ஜார்ஷோ’ கிடைக்கும், அதை எடுக்காதீர்கள்; லோஜ்பானில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசையாக நிரப்ப வேண்டிய இடங்கள் உண்டு; ஜார்ஷோவின் இரண்டாம் இடம் பொருளைக் கேட்பதில்லை, பண்பைக் கேட்கிறது.

நீங்களே தொட்டுக் காட்டினால் மூன்றே சொல்: தி நஸ்பி டோ. ‘இது உன் மூக்கு.’ மூக்குக்கு உரியவர் யார் என்பது நஸ்பியின் இரண்டாம் இடத்திலேயே அடங்கியிருக்கிறது.

பதில் 2
முகத்தை மூடியிருக்கும்போது: மி நா விஸ்கா டோ. கையை எடுத்ததும்: வா, மி விஸ்கா டோ! இந்த ‘வா’ நம்முடைய ‘வா’ இல்லை, கண்டுபிடித்துவிட்டதைக் காட்டும் உணர்ச்சிச்சொல். துண்டுக்குள் ஒளிந்திருப்பது குழந்தை என்றால் மி விஸ்கா கோ. ‘கோ’ எந்த இடத்திலும் வரும். இங்கே ‘நான் உன்னைப் பார்க்கும்படி செய்’ என்றாகிறது. தமிழில் இவ்வளவு சுருக்கமாக வராது.

‘பிடிக்க வர்றேன்’: அய் மி காவ்பு டோ. ‘மி பா காவ்பு டோ’ என்றால் எதிர்காலக் கூற்று, பிடிக்காவிட்டால் பொய். விளையாட்டில் வேண்டுமென்றே தப்பவிடுவோமே, அதனால் எண்ணத்தை மட்டும் சொல்லும் ‘அய்’ தான் பொருந்தும்.

‘கடிச்சுத் தின்னுடுவேன்’: ‘மி ஷித்கா டோ’ (நான் உன்னைத் தின்கிறேன்) மட்டும் சொன்னால் நரமாமிசம்தான். வேடிக்கைக் குறியான ‘ஸோஹோ’வைச் சேருங்கள், ஆனால் கடைசியில் வேண்டாம். இந்த வகைச் சொல் தனக்கு முந்தைய சொல்லைத்தான் பற்றும். கடைசியில் வைத்தால் ‘டோ’ மட்டும் வேடிக்கையாகும். வாக்கியத் தொடக்கத்தில் வைத்தால் முழுவதற்கும் பொருந்தும்: ஸோஹோ அய் மி ஷித்கா டோ. உருவகம் என்று காட்ட ‘ஷித்கா பெஹா’வும் உண்டு, கொஞ்சலுக்கு அது ரொம்பக் கறார்.

பதில் 3
‘சிரி’: கோ ஷிஸ்மா. கெஞ்சலாக: எஹோ கோ ஷிஸ்மா.

சிக்கல் ‘செல்லம்’ தான். பெயர்ச்சொல் மெய்யில் முடிய வேண்டும், அது சரி. ஒரே மெய் இரட்டிக்கக் கூடாது, ஆக ஒரு ‘ல்’ போகும்: டோய் த்ஷெலம் (‘டோய்’ விளிச்சொல்). ஆனால் லோஜ்பானின் 1997 இலக்கண நூலின்படி பெயருக்குள் ‘லா’, ‘லாய்’, ‘டோய்’ வரக் கூடாது, கேட்பவர் அங்கே உடைத்துப் பிரித்துவிடுவார். (லோஜ்பானில் நெடில்-குறில் பேதமில்லை, அதனால் ‘த்ஷெலம்’ என்பதில் உள்ள ‘ல’வும் அதே ‘லா’தான்.) பெயருக்கு முன்னாலும் கட்டாயம் பேச்சைச் சற்று நிறுத்தும் வழக்கத்தைப் பின்பற்றினால் இந்தத் தடை இல்லை. நிறுத்தச் சோம்பலா, ‘தங்கம்’ என்று கூப்பிடுங்கள். ‘கண்ணா’வுக்குக் கடைசியில் மெய் சேர்க்கணும்: கனாஸ்.

கேள்வி கேட்டவர்
‘சாஞ்சாடு’க்கு ஸ்லிலுவா டெஸ்குவா?

பதில் 1
கோ ஸ்லிலு. அதுதான் மாறி மாறி ஆடுவது. டெஸ்கு குலுங்குவது, அதன் இரண்டாம் இடம் குலுக்குகிற விசை.