11 ஆண்டு வாய்மொழி உறவை எழுத்துக்குக் கொண்டுவர வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் 14 தையல் இயந்திரங்களுடன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தி வருகிறேன். 11 ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே ஏற்றுமதி நிறுவனத்துக்குத்தான் தைத்துக் கொடுக்கிறோம். எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை, சொன்ன சொல்லே போதுமானதாக இருந்தது.

இரண்டரை மாதங்களுக்கு முன்பு அவர்களிடமிருந்து வந்த கட்டிங் பண்டல்களை (தைப்பதற்காக வெட்டிய துணிக் கட்டுகளை) எண்ணியபோது, அவர்கள் அனுப்பிய சலானில் (சரக்குச் சீட்டில்) 4,200 பீஸ் என்றும் எங்கள் நோட்டில் 4,162 என்றும் இருந்தது. குறைந்த 38 பீஸ்களுக்கான தொகையை எங்கள் பில்லில் பிடித்துவிட்டார்கள். தொகை சிறியதுதான், ஆனால் அந்த நோட்டில் அவர்களுடைய மேற்பார்வையாளரே கையெழுத்திட்டிருந்தும் அதை ஒருவரும் புரட்டிப் பார்க்காததுதான் மனத்தை உறுத்துகிறது. அதன் பிறகு மூன்று பில்கள் நிலுவையில் நிற்கின்றன. சனிக்கிழமைக் கூலியை நம்பி வரும் தொழிலாளர்களிடம் தவணை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்களிடம் சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு உள்ளது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள்ளும், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பதை அறிவேன். பணம் தாமதமானால் அரசின் இணையதளத்தில் புகார் செய்யவும் வழி உண்டு. ஆனால் அந்தக் கதவைத் தட்டினால் உறவு முறிந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

சந்தேகப்படுவதாக ஏற்றுமதி நிறுவன முதலாளி எண்ணிவிடாதபடி, எண்ணிக்கைக்கும் பணம் தரும் நாளுக்கும் எழுத்து ஏற்பாட்டை எப்படிக் கேட்பது? இதைச் செய்து பார்த்தவர்கள், முதல் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள் என்பதையும், பயன்படுத்திய ஒப்பந்த மாதிரி இருந்தால் அதையும் பகிர்ந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.