ஓவர்டைமில் இரண்டு அணிக்கும் பந்து கொடுத்தால் மட்டும் நியாயம் ஆகிவிடுமா?

பதிமூன்று நொடி எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, இன்று கேட்டுவிடுகிறேன். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் 2022 ஜனவரி 23 அன்று நடந்த பஃபலோ பில்ஸ் – கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் ப்ளேஆஃப் (சாதாரண சீசனுக்குப் பின் வரும் நாக்அவுட்) ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரண்டு அணியும் சேர்ந்து 25 பாயின்ட் எடுத்தார்கள். பில்ஸ் 36-33 என்று முன்னே வந்தபோது கடிகாரத்தில் 13 நொடிதான் மிச்சம். அந்த 13 நொடிக்குள் சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) மஹோம்ஸ் இரண்டே பாஸில் 44 யார்டு நகர்த்திவிட்டார், பட்கர் 49 யார்டிலிருந்து ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று பாயின்ட்) உதைத்து 36-36 ஆக்கினார். சமனானதால் ஓவர்டைம், அதாவது கூடுதல் நேரம். முதலில் பந்து யாருக்கு என்று டாஸ். பில்ஸின் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. சீஃப்ஸ் 75 யார்டு நகர்ந்து டச்டவுன் (பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு பாயின்ட்) போட, அன்றைய விதிப்படி அதோடு ஆட்டம் முடிந்தது. நான்கு டச்டவுன் பாஸ் வீசிய ஆலன் ஓவர்டைமில் ஒரு தடவைகூட பந்தைத் தொடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியபடி மைதானத்தை விட்டு நடந்து போனவரைப் பார்க்கவே முடியவில்லை.

அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள். 2022 முதல் ப்ளேஆஃபில் இரண்டு அணிக்கும் ஒரு முறையாவது பந்து உறுதி. 2025 முதல் சாதாரண சீசன் ஆட்டங்களுக்கும் அதே விதி வந்துவிட்டது. நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் 2025 செப்டம்பர் 28 அன்று க்ரீன் பே பேக்கர்ஸும் டல்லாஸ் கௌபாய்ஸும் ஆடியதைப் பார்த்தபோது ஒரு குழப்பம் வந்துவிட்டது. ஓவர்டைமில் கௌபாய்ஸ் ஃபீல்ட் கோல் அடித்தார்கள், பேக்கர்ஸ் ஒரே ஒரு நொடி இருக்கும்போது பதிலுக்கு ஃபீல்ட் கோல் அடித்தார்கள், 10 நிமிடமும் தீர்ந்தது, 40-40 டிரா. இரண்டு பேருக்கும் சமமாகத்தான் கிடைத்தது, சரி. ஆனால் அது நியாயமாக முடிந்த ஆட்டம் மாதிரியும் இல்லை, விறுவிறுப்பாக முடிந்த ஆட்டம் மாதிரியும் இல்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

நாலாவது டவுன் எழுதியது:

நல்ல கேள்வி. கொஞ்சம் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கல் 2022-இல் பிறந்தது இல்லை.

சாதாரண சீசனில் ஓவர்டைம் வந்ததே 1974-இல்தான். முதலில் பாயின்ட் எடுப்பவருக்கு வெற்றி, அவ்வளவுதான், சடன் டெத். (அந்த விதியில் நடந்த முதல் ஆட்டமே ஸ்டீலர்ஸ் – பிராங்கோஸ் 35-35 என்று டிராவில் முடிந்தது, ஆகவே டிரா ஒன்றும் புதிதல்ல.) அந்தக் காலத்தில் உதைப்பவர்களின் குறி இப்போது இருப்பதுபோல் இல்லை. டாஸில் தோற்றால்கூட எதிரியைத் தடுத்து நிறுத்த நல்ல வாய்ப்பு இருந்தது. அப்புறம் 1994-இல் கிக்காஃப் (பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது) இடத்தை 35 யார்டு கோட்டிலிருந்து 30-க்குப் பின்னால் தள்ளினார்கள், பந்தை வாங்கும் அணி இன்னும் நல்ல இடத்தில் ஆரம்பித்தது, உதைப்பவர்களும் வருடத்துக்கு வருடம் கைதேர்ந்தவர்கள் ஆனார்கள். டாஸ் ஜெயித்து, முப்பது நாற்பது யார்டு நகர்ந்து, உதைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. 2009 சீசனின் என்எஃப்சி (லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) இறுதியில் செயின்ட்ஸ் வைக்கிங்ஸை 31-28 என்று வென்றது அப்படித்தான், வைக்கிங்ஸ் குவார்ட்டர்பேக் ப்ரெட் ஃபார்வுக்கு ஓவர்டைமில் பந்தே கிடைக்கவில்லை. உடனே 2010-இல் ப்ளேஆஃபுக்கு மட்டும் விதி மாறியது: முதல் அணி ஃபீல்ட் கோல் மட்டும் எடுத்தால் எதிரணிக்கும் வாய்ப்பு, டச்டவுன் போட்டால் அதோடு முடிவு. அந்த விதி இருந்தவரை 12 ப்ளேஆஃப் ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது, அதில் 10 ஆட்டத்தில் ஜெயித்தது டாஸ் ஜெயித்த அணி. பில்ஸ் ஆட்டமும் அந்தப் பத்தில் ஒன்று.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேருக்கும் பந்து கிடைக்கிறது என்பது எண்ணிக்கையில் சமம். ஆனால் இரண்டாவதாக ஆடுபவருக்கு ஒரு விஷயம் தெரியும், முதலில் ஆடியவருக்கு அது தெரியாது. எத்தனை பாயின்ட் வேண்டும் என்பதுதான் அது.

2024 பிப்ரவரி சூப்பர் பவுலையே (லீக்கின் இறுதி ஆட்டம்) எடுத்துக்கொள்ளுங்கள், புதிய ப்ளேஆஃப் விதியில் நடந்த முதல் ஓவர்டைம் அதுதான். ஃபார்ட்டி நைனர்ஸ் டாஸ் ஜெயித்து முதலில் பந்தை வாங்கிக்கொண்டார்கள். எதிரியின் 9 யார்டு கோடு வரை வந்தார்கள், நாலாவது டவுன், நான்கு யார்டு வேண்டும். (டவுன் என்றால் ஒரு முயற்சி; நான்கு முயற்சிக்குள் 10 யார்டு நகராவிட்டால் பந்து எதிரிக்கு.) அந்த இடத்தில் பயிற்சியாளர் என்ன செய்வார்? எதிரி என்ன எடுக்கப்போகிறான் என்று தெரியாதபோது மூன்று பாயின்டை விட மனம் வராது. உதைத்தார்கள், 22-19. அடுத்து சீஃப்ஸ். தங்கள் பாதியிலேயே நாலாவது டவுன், ஒரு யார்டு வேண்டும். ஆட்டம் சமமாக இருந்தால் அங்கே நிறைய அணிகள் பன்ட் செய்துவிட்டு (பந்தைத் தூரமாக உதைத்து எதிரிக்கே கொடுத்துவிட்டு)த் தடுப்பாட்டத்தை நம்பும். சீஃப்ஸுக்கோ யோசிக்க எதுவுமே இல்லை, விட்டால் கோப்பை போச்சு. மஹோம்ஸ் தானே பந்தை எடுத்துக்கொண்டு 8 யார்டு ஓடினார். கடைசியில் ஹார்ட்மன் கையில் டச்டவுன், 25-22. ஒருவர் மூன்று டவுனில் ஆடினார், மற்றவர் நான்கு டவுனில் ஆடினார். என் கண்ணுக்கு அந்த வித்தியாசம்தான் இன்று ஓவர்டைமில் இருக்கும் அநியாயம். பழையதைவிடச் சின்னது, ஆனால் இருக்கிறது.

வடக்கு ஸ்டாண்ட் எழுதியது:

நான் இதில் முழுக்க எதிர்ப்பக்கம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு அணியில் ஆலன் மட்டும் இல்லை. தடுப்பாட்டத்துக்கென்று 11 பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு களத்தில் நிற்கிறார்கள். குவார்ட்டர்பேக்குக்குப் பந்து கிடைக்கவில்லை என்றால் அவருடைய டிஃபென்ஸ் எதிரியை நிறுத்தவில்லை என்று அர்த்தம், டாஸ் ஜெயிக்க வைத்தது என்று அர்த்தம் இல்லை. 75 யார்டும் நாணயமா ஓடியது?

விறுவிறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1958 டிசம்பர் 28, யாங்கி ஸ்டேடியம், கோல்ட்ஸ் – ஜயன்ட்ஸ் சாம்பியன்ஷிப். சடன் டெத்தில் முடிந்த முதல் சாம்பியன்ஷிப் அதுதான், கோல்ட்ஸின் அலன் அமீச்சி ஒரு யார்டு ஓட்டத்தில் உள்ளே புகுந்து 23-17. இந்த விளையாட்டை அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பார்க்கவைத்த ஆட்டம் என்று அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள். 2012 ஜனவரியில் பிராங்கோஸின் டீபோ ஓவர்டைமின் முதல் பந்தையே டெமேரியஸ் தாமஸுக்கு வீச, அவர் ஸ்டீலர்ஸ் ஆட்களைத் தாண்டிக்கொண்டு 80 யார்டு ஓடினாரே, 11 நொடியில் ஆட்டம் முடிந்ததே, அந்த மாதிரி ஒரு நொடி இனிமேல் ஓவர்டைமின் முதல் பந்தில் வரவே வராது. இப்போது அதே டச்டவுன் விழுந்தால் எல்லோரும் உட்கார்ந்து அடுத்த டிரைவுக்கு, அதாவது எதிரணி பந்தோடு ஆடும் முறைக்கு, காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு நகர்வு எல்லாவற்றையும் முடித்துவிடும் என்ற பயம் முதல் நொடியிலிருந்தே இருந்ததால்தான் ஓவர்டைம் என்றால் நாற்காலி நுனிக்கு வந்தோம். அதை எடுத்துவிட்டு ஐந்தாவது கால்பகுதி மாதிரி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்.

நாலாவது டவுன் எழுதியது:

@வடக்கு ஸ்டாண்ட், டிஃபென்ஸும் அணிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதத்தின்படி சீஃப்ஸின் டிஃபென்ஸும் ஒரு சோதனையைச் சந்தித்திருக்க வேண்டும் இல்லையா? அன்று பில்ஸ் தடுப்பாட்டம் மட்டும்தான் பரீட்சை எழுதியது. சீஃப்ஸ் தடுப்பாட்டம் வெளியே உட்கார்ந்து தேறிவிட்டது, அதுவும் கடைசி இரண்டு நிமிடத்தில் ஆலனை நிறுத்தவே முடியாத தடுப்பாட்டம்.

சனிக்கிழமை ரசிகன் எழுதியது:

கல்லூரி ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே 1996-இலிருந்தே இரண்டு அணிக்கும் பந்து உண்டு, எதிரியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கு ஒரு வாய்ப்பு. கவனித்தீர்களா, அங்கே டாஸ் ஜெயிப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே முதலில் தடுக்கத்தான் கேட்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆடுவதற்காகத்தான். நாலாவது டவுன் சொன்னதைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் சுருக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. 2018-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் – எல்எஸ்யூ ஏழு ஓவர்டைம் போய் 74-72. பையன்கள் நிற்க முடியாமல் நின்றார்கள். அதற்குப் பிறகு, வீரர்களின் உடம்பைக் காப்பாற்ற வேண்டும் என்று (அந்தக் கவலை ரொம்பச் சரியானது) விதியைத் திருத்தித் திருத்தி, 2021-இலிருந்து மூன்றாவது ஓவர்டைம் முதல் ஆளுக்கு ஒரே ஒரு இரண்டு பாயின்ட் முயற்சி (கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரே நகர்வில் உள்ளே புகுவது) என்று ஆக்கிவிட்டார்கள். அந்த வருடமே இல்லினாய் – பென் ஸ்டேட் ஒன்பது ஓவர்டைம் போனது. மூன்றிலிருந்து ஏழு வரை ஐந்து சுற்றில் இரண்டு பேரும் ஒரு தடவைகூட உள்ளே நுழையவில்லை. பாஸ் கீழே விழும், அடுத்த அணி வரும், அதுவும் விழும், மறுபடியும் முதலிலிருந்து. 20-18 என்று இல்லினாய் ஜெயித்தது. அதற்குமுன் நான்கு கால்பகுதி ஆடியதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கிக்காஃப் இல்லை, பன்ட் இல்லை, களத்தின் நீளமே இல்லை.

எண்ணிக்கையில் பார்த்தால் அதைவிடச் சமமான முறை கிடையாது. ஆனால் அது வேறு விளையாட்டு. அதனால்தான் என்எஃப்எல் முழு மைதானத்தையும் வைத்திருப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

கோடு எழுதியது:

2021-இல் பால்டிமோர் ரேவன்ஸ் கொண்டுவந்த யோசனை ஞாபகம் இருக்கிறதா? இந்த விவாதம் வரும்போதெல்லாம் நான் அதைத்தான் சொல்வேன். டாஸ் ஜெயித்த அணி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பந்தை எந்த யார்டு கோட்டில் வைப்பது என்று முடிவு செய்வது, அல்லது தாக்குவதா தடுப்பதா என்று முடிவு செய்வது. ஒன்றை அவர்கள் எடுத்தால் மற்றது எதிரணிக்கு. ஒருவர் பங்கு பிரிக்க, இன்னொருவர் முதலில் எடுத்துக்கொள்ளும் முறை. பிரிப்பவர் ஏமாற்ற நினைத்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

நினைத்துப் பாருங்கள், சொந்த எண்ட்ஸோனிலிருந்து (கடைசிக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதி) 13 யார்டு தள்ளிப் பந்தை வைக்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார். அங்கேயிருந்து எதிரிக்கு மஹோம்ஸ் இருந்தால் தாக்கத்தான் எடுப்பார். சரி, 8-இல் வைத்தால்? சேஃப்டி ஆகிவிடுமோ (சொந்த எண்ட்ஸோனிலேயே மடக்கப்பட்டு எதிரிக்கு இரண்டு பாயின்ட் போய்விடுமோ) என்ற பயம் வரும். பயிற்சியாளரின் முழு அறிவும் அந்த ஒரு எண்ணில் வந்து நிற்கும். அப்புறம் சடன் டெத்தே ஆடலாம், வடக்கு ஸ்டாண்ட் கேட்கும் பயமும் கிடைக்கும், டாஸ் ஜெயித்ததால் மட்டும் யாருக்கும் லாபம் இல்லை. அணி உரிமையாளர்களில் 24 பேர் ஒப்புக்கொண்டால்தான் விதி மாறும், இது அந்தப் பக்கம் போகவே இல்லை. புரிந்துகொள்ளக் கடினம் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 2024 சூப்பர் பவுல் முடிந்தபின் ஃபார்ட்டி நைனர்ஸ் வீரர்கள் சிலரே புது ஓவர்டைம் விதி தங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று சொன்னார்கள், ஆகவே இப்போது இருப்பதும் ஒன்றும் அவ்வளவு எளிதாக இல்லை.

வடக்கு ஸ்டாண்ட் எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. உண்மையாகவே. இதை யாரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். அந்த சூப்பர் பவுலில் ஃபார்ட்டி நைனர்ஸ் பயிற்சியாளர் ஷனஹான் முதலில் பந்தை வாங்கியதை எல்லோரும் முட்டாள்தனம் என்றார்கள், அவர் சொன்ன காரணம் அப்படி ஒன்றும் மோசமில்லை. இரண்டு அணியும் சமமாக எடுத்தால் மூன்றாவது முறை பந்து யாருக்கு வருகிறதோ அவர் எதை எடுத்தாலும் வெற்றி, அந்த மூன்றாவது முறை தனக்கு வேண்டும் என்று கணக்குப் போட்டார். அதாவது சடன் டெத் எங்கேயும் போகவில்லை, கொஞ்சம் தள்ளி ஒளிந்திருக்கிறது.

நாலாவது டவுன் எழுதியது:

சரிதான், ஆனால் சீஃப்ஸ் அந்தக் கணக்கையும் உடைக்கத் தயாராக வந்திருந்தார்கள். இரண்டு அணியும் டச்டவுன் போட்டிருந்தால், அதற்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் ஒரு பாயின்டுக்கு உதைக்காமல் இரண்டு பாயின்டுக்கே போயிருப்போம் என்று ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார்கள். மூன்றாவது முறையே வராது. இரண்டாவதாக ஆடுபவரிடம்தான் அந்தச் சாவியும் இருக்கிறது.

பேக்கர்ஸ் டிராவைப் பொறுத்தவரை, அது பந்து பங்கீட்டின் குற்றம் இல்லை, 10 நிமிடத்தின் குற்றம். விதியை முன்மொழிந்த ஈகிள்ஸ் அணி 15 நிமிடம்தான் கேட்டது, அதைக் குறைத்து நிறைவேற்றினார்கள். முழு நீள டிரைவ் இரண்டு முடிந்தாலே நேரம் தீர்ந்துவிடுகிறது, மூன்றாவது வாய்ப்புக்கு இடமே இல்லை. இரண்டு பேருக்கும் பந்து என்று முடிவு செய்தவர்கள் அதற்கு வேண்டிய நேரத்தையும் கொடுத்திருக்க வேண்டும்.

பதிமூன்று நொடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 40-40 ஏன் என்னை உறுத்தியது என்று இப்போதுதான் புரிகிறது, ஆட்டம் தீராமலே நேரம் தீர்ந்துவிட்டது. 15 நிமிடம் கொடுங்கள், அல்லது கோடு சொன்ன மாதிரி பங்கு பிரிக்க விடுங்கள், இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம்.

இரண்டு பாயின்ட் பேச்சைப் படித்ததும் 2022-க்கே திரும்பிப் போய்விட்டேன். அன்று சீஃப்ஸின் கெல்சி எண்ட்ஸோனில் பந்தைப் பிடித்த உடனே எல்லோரும் களத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள், எக்ஸ்ட்ரா பாயின்ட்கூட உதைக்கவில்லை, அதனால்தான் ஸ்கோர் 42-36 என்று நிற்கிறது. இன்றைய விதி இருந்திருந்தால் சீஃப்ஸ் அதை உதைத்து 43 ஆக்கியிருப்பார்கள், ஆலன் நான்கு டவுனோடு இறங்கியிருப்பார், பில்ஸின் டேவிஸ் அன்று ஏற்கெனவே நான்கு டச்டவுன் பிடித்திருந்தார், ஐந்தாவதும் பிடித்திருப்பார். 43-42. இரண்டு பாயின்ட் முயற்சிக்காக இரண்டு யார்டு கோட்டில் பந்து. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஆலன் தலையைக் குனிந்து உள்ளே புகுந்திருப்பார் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன்.