முகமூடி செய்த பொடியன்களும் வாவித் தண்ணியும்

(மட்டக்களப்பு வாவியில ஒட்சிசன் அளக்கிற மாணவர் குழுவை எப்படி நடத்துறது என்று புனைபெயர்களில மூண்டு பேர் வாதாடுகினம்.)

வாவியோரம்: ‘மாணவர் ஆய்வுக்கு எல்லாரோடயும் பேசி முடிவெடுக்கிற சனநாயகத் தலைமைதான் ஒரே வழி, உளவியலாளர் லெவின் 1939இலேயே நிறுவிட்டார்’ என்று ஒலுவில்காத்து எழுதினதைப் பார்க்கப் பத்திக்கொண்டு வருது. அமெரிக்காவின்ர அயோவாவில லெவின் ஆக்கள் கட்டளைத் தலைமையையும் சனநாயகத் தலைமையையும் ஒப்பிட்ட அந்த ஆய்வில இருந்தது 10 வயசுப் பொடியன்கள். செய்தது முகமூடி. வாவியில ஒட்சிசன் அளக்கிற இறுதியாண்டு மாணவருக்கு இதுவா அளவுகோல்? 300 மில்லிலீட்டர் போத்தலில வாவித் தண்ணியைக் குமிழி இல்லாம நிரப்ப வேணும். பிறகு ஒட்சிசனைப் பிடிக்கிற இரண்டு மருந்து, மங்கனீசு சல்பேற்று 1 மில்லி, கார அயடைட்டு 1 மில்லி, குழாய் முனை நீர்மட்டத்துக்குக் கீழ நிக்க விட வேணும். மூடிக்குக் கீழ ஒரு குமிழி நிண்டாலும் அதில உள்ள ஒட்சிசன் கலந்து அளவைக் கெடுக்கும். இதுக்கு வாக்கெடுப்பா வைக்கிறது? ‘இப்படிச் செய்’ என்று சொல்லித்தான் ஆகணும்.

ஒலுவில்காத்து: முகமூடியிலயே தொங்காதீங்க சேர். கட்டளை போட்ட அதிகாரத் தலைவர் அறையை விட்டுப் போனதும் அந்தக் குழுவின்ர வேலை படுத்திட்டு. சனநாயகக் குழு தொடர்ந்து செய்தது. நீங்க ஒவ்வொரு தோணியிலயும் ஏறப் போறீங்களா? குமிழி ஏன் கூடாது என்று விளங்கின பிள்ளை, தனியப் போனாலும் போத்தலைத் திரும்ப நிரப்பும். கட்டளை மட்டும் கேட்ட பிள்ளை குமிழியோட மூடிட்டு வந்து பிழையான அளவையும் எழுதி வைக்கும்.

வாவியோரம்: முகமூடி பிழைச்சா இன்னொரு கடதாசி எடுக்கலாம். பிழைச்ச போத்தலுக்கு அந்த விடியல் திரும்பி வருமா? வாவியில ஒட்சிசன் விடியலில குறைஞ்சு பின்னேரம் கூடும். வாவிக்கரையில கல்லடியில ஒருத்தர் காலமை 6 மணிக்கும் வலையிறவில மற்றவர் 11 மணிக்கும் எடுத்தா, வித்தியாசம் இடத்தாலயா நேரத்தாலயா என்று எந்தப் புள்ளிவிவரமும் பிரிச்சுச் சொல்லாது. நேரத்தை ஒரே ஆள்தான் தீர்மானிக்க வேணும்.

படுவான்கரை: தலைமைத்துவ ஆய்வாளர் ஹேர்சியும் பிளான்சார்டும் 1969இல சொன்னது, ஆளின்ர தேர்ச்சிக்கு ஏத்த மாதிரித் தலைமையை மாத்தச் சொல்லித்தான். முதல் 2 கிழமை போத்தலில கட்டளை, ஆய்வு வினாவில கலந்துபேச்சு, எழுதுறதை அவங்கட கையில விடுறது. மற்றது, வலையிறவுக்குப் பதிலா வாவி கடலோட சேர்ற முகத்துவாரத்தில எடுக்கலாமே?

வாவியோரம்: அந்த 2 கிழமைக் கணக்கு எங்கயிருந்து வந்தது? முகத்துவாரம் திறந்தா உப்பு ஏறும், உப்பு ஏற ஒட்சிசன் கரையிறது குறையும். உவர்த்தன்மை அளக்காம அங்க போத்தல் எடுத்து என்ன செய்யப் போறீங்க?

ஒலுவில்காத்து: வாவி உங்கட ஊர்ச் சொத்து மாதிரிப் பேசாதீங்க. அது கிட்டங்கி வரைக்கும் வருது, அம்பாறை மாவட்டம்.

வாவியோரம்: கிட்டங்கியில முகமூடியா செய்றாங்க?

படுவான்கரை: கேட்டது தலைமையைப் பற்றி.

ஒலுவில்காத்து: அவர் அதுக்கு வர மாட்டார். இரண்டு மருந்தும் விட்டதும் பழுப்பு வீழ்படிவு வந்தா ஒட்சிசன் இருக்கு, வெள்ளையா நிண்டா இல்லை. இது குழுவில எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுட்டு முகமூடிக்கு வாங்க.

வாவியோரம்: தெரிஞ்சவனுக்கு அதைச் சொல்லிக் குடுத்தது யார்? முன்னால நிண்டு ‘பார், எழுது’ என்றவர். முகமூடிக்கு இன்னும் நீங்க பதில் சொல்லல்ல.