அழகியமண்டபத்தில் அப்பா திரும்பியபோது

குழு: நம்ம வீடு
ஞாயிறு

அம்மா, மாலை 6:48: வீடு வந்து சேர்ந்துவிட்டோம். அடுத்தவர் சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அழகியமண்டபம் ஜங்ஷனில் ஒரு பைக் நூலிழையில் தப்பியது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்பாவை இப்போது யாரும் போனில் அழைக்க வேண்டாம்.

அக்கா: ஐயோ, எப்படி அம்மா?

அம்மா: வேர்கிளம்பி ரோட்டுக்கு வலது பக்கம் திரும்பினார். அந்தப் பையன் எங்கிருந்துதான் வந்தானோ! நான் கத்தினேன், அவர் பிரேக்கை மிதித்தார். மடியில் வைத்திருந்த மட்டி வாழைப்பழச் சீப்பு கீழே விழுந்து நசுங்கியதுதான் நஷ்டம்.

துபாய் அண்ணன்: அம்மா, சாவியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். 72 வயதில் எதற்கு இந்த ஓட்டம்? ஆட்டோவுக்கு நான் பணம் அனுப்புகிறேன்.

அப்பா: பணம் வேண்டாம். நான் பார்த்துத்தான் திரும்பினேன்.

துபாய் அண்ணன்: பார்த்திருந்தால் பைக் தெரிந்திருக்குமே.

அப்பா: பார்த்தேன். தெரியவில்லை. இரண்டும் உண்மை.

அத்தான், 7:20: மாமா, ஒன்று கேட்கிறேன். எதிரே திங்கள்நகர் ரோட்டுக்குத் திரும்ப ஏதாவது வண்டி நின்றதா?

அப்பா: வெள்ளை வேன் ஒன்று நின்றது. டிரைவர் போகச் சொல்லிக் கை காட்டினான்.

அத்தான்: அதுதான் விஷயம். தன் வண்டி நிற்கும் என்றுதான் அவன் கை காட்டுவான். தனக்கு இடது பக்கம் முந்தி வருகிற பைக் அவனுக்கே தெரிந்திருக்காது. 22 வருடம் பஸ் ஓட்டியதில் நான் எவன் கையையும் நம்பியதில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் தாண்டிவிடும். வேனைத் தாண்டி அதன் தலை தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஓட்டுகிறவனுக்கு வயது 20 ஆனாலும் இதே கதைதான்.

அக்கா: மாமாவுக்கு வக்காலத்தா? அப்படியென்றால் வயதுக்கு இதில் பங்கே இல்லையா?

அத்தான்: இருக்கிறது. நேர் ரோட்டில் மாமாவைப் போல ஒழுங்காக ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. ஜங்ஷன் அப்படி அல்ல. எதிரே வேன், பின்னால் ஹாரன், குறுக்கே நடக்கிற ஆள், நடுவில் ஒரு நாய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும். வயதாக ஆகக் கை கால் அல்ல, அதுதான் முதலில் குறைகிறது.

அக்கா மகள்: பாட்டா, அப்போது மணி என்ன?

அப்பா: ஐந்தரை இருக்கும் மக்களே.

அக்கா மகள்: தக்கலையிலிருந்து வந்தால் அந்த நேரத்துக்கு வெயில் முகத்தில் அறையும். 60 வயதுக் கண்ணின் விழித்திரையில் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கூச்சம் பட்டால் தெளியவும் நேரமாகும். எங்கள் வகுப்பில் முதல் பாடமே இதுதான். கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினீர்கள்?

அப்பா: லைசென்ஸ் புதுப்பித்தபோது. இரண்டு வருடம் ஆகிறது.

அம்மா: அதற்குப் பெயர் பரிசோதனையா? வாசலில் செருப்பைக் கழற்றியவர், சான்றிதழில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உடனே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தான்: 55 வயது தாண்டினால் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். கண்புரை அதுவரை காத்திருக்காது மாமா.

நான்: அந்தப் பையன் என்ன ஆனான்?

அம்மா: ஓரமாக நிறுத்திவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றான். அப்பா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். வேன் மறைத்ததில் எங்கள் கார் தெரியவே இல்லை என்று அவனும் சொன்னான்.

திங்கள்

அப்பா, காலை 7:12: விடிந்ததும் காரில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டவில்லை, பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சிவப்பு வாளியைக் கொடுத்து, முற்றத்தில் வலமிருந்து இடமாக நடக்கச் சொன்னேன். தென்னை மரத்தடிக்கு வந்ததும் பிள்ளை வாளியோடு காணாமல் போய்விட்டாள். முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கிற அந்தத் தூணுக்குப் பின்னால் ஆளே மறைந்துவிட்டாள். தலையை ஒரு சாண் முன்னால் நீட்டினேன், வாளி தெரிந்தது. பின்னால் சாய்ந்தேன், போயிற்று. ஒன்பது வருடமாக ஓட்டுகிற கார். நேற்று மறைத்தது வேன்தான், ஆனால் நாளை ரோட்டைக் கடக்கிற ஒரு பிள்ளையை இந்தத் தூண் மறைக்கும்.

அம்மா: பக்கத்து வீட்டுக்காரி வந்து, வாளி ஓட்டையா என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

துபாய் அண்ணன்: எல்லாம் சரி அப்பா. சாவி?

அப்பா: ஆணியில் தொங்குகிறது. வியாழக்கிழமை நாகர்கோவிலில் கண்ணைக் காட்டப் போகிறேன். டாக்டர் ஓட்ட வேண்டாம் என்று சொன்னால் நானே மருமகன் கையில் கொடுத்துவிடுவேன். துபாயிலிருந்து நீ கேட்க வேண்டியதில்லை. அதன் பிறகும் ஓட்டுவதாக இருந்தால் அந்த ஜங்ஷனுக்கு மூன்று மணிக்கே போய்த் திரும்பிவிடுவேன்.

அத்தான்: எதிரே வேன் நின்றால்?

அப்பா: அது போகிற வரை நிற்பேன். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடித்துக்கொள்ளட்டும்.

அக்கா மகள்: பஸ்ஸில் போங்கள் பாட்டா. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாக இருக்கும்.

அக்கா: நான் துணைக்கு வருகிறேன். வடசேரி பஸ் நிலையத்தில் 10 மணிக்கு நிற்பேன்.

அம்மா: திரும்பி வரும்போது மட்டிப்பழம் ஒரு சீப்பு. நசுங்காததாக.