தொலைத்தொடர்புத் துறையை உண்மையில் மாற்றியது எந்தக் கொள்கை?

கேள்வி: பொருளியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் படிப்பில் பொதுக் கொள்கைத் தாளுக்காக, இந்தியத் தொலைத்தொடர்புத் துறையை அரசின் முடிவுகள் எவ்வாறு வடிவமைத்தன என்று ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1994, 1999, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தேசியக் கொள்கை ஆவணங்களை அடுத்தடுத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் குறிக்கோள்கள் பெரியவை. ஆனால் அவற்றுக்கும் பிறகு நடந்தவற்றுக்கும் உள்ள தொடர்பு எனக்குப் பிடிபடவில்லை. 1997க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி என்று 1994 கொள்கை கூறியது, அது நடக்கவில்லை. பின்னர் கைபேசி பட்டிதொட்டியெங்கும் பரவியபோதோ, அதற்கு நிறுவனங்களின் போட்டியே காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் வழிகாட்டியும், "அப்படியானால் இதில் கொள்கைக்கு என்ன பங்கு?" என்று கேட்கிறார். ஏற்கவும் மனம் வரவில்லை, மறுக்கவும் கையில் சான்று இல்லை. துறையை அருகிலிருந்து பார்த்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்

அம்மா, நீங்கள் ஆவணங்களின் முன்னுரையைப் படித்திருக்கிறீர்கள். யார் யாருக்கு, எந்தக் கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்று கூறும் பத்தியைப் படியுங்கள். துறையின் தலையெழுத்து அங்கேதான் இருந்தது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்ததுதான் நாட்டின் முதல் கைபேசி அழைப்பு. அக்காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை ஆனது. நிறுவனங்கள் பல வட்டங்களை, அதாவது சேவைக்காகப் பிரிக்கப்பட்ட பகுதிகளை, மிக உயர்ந்த தொகைக்கு ஏலம் கேட்டு எடுத்திருந்தன. வாடிக்கையாளர் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஆண்டுதோறும் நிலையான உரிமக் கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும். வசதி படைத்த சிலரிடம் அதிக விலைக்கு விற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1999 தொடக்கத்தில் நாடு முழுவதும் கைபேசி வைத்திருந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர்தான். பல நிறுவனங்கள் கட்டணத்தைச் செலுத்த முடியாமல் தவித்தன.

1999 ஆகஸ்ட் 1 முதல் அந்த நிலையான கட்டணத்துக்குப் பதிலாக வருவாயில் ஒரு பங்கைச் செலுத்தும் முறை வந்தது. அதன் பிறகு, விலையைக் குறைத்துப் பத்துப் பேரைச் சேர்ப்பது ஒருவரிடம் கறப்பதைவிட இலாபமாயிற்று. போட்டிதான் விலையைக் குறைத்தது என்பது உண்மையே. போட்டியிட்டால் பிழைக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது இந்த மாற்றம்.

அடுத்தது 2003 மே 1. அதுவரை நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே பணம் கட்டினோம். நான் பணியாற்றிய நகரத்தின் கடைவீதியில் துணி வியாபாரிகள் கைபேசி மணி அடித்ததும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் துண்டிப்பார்கள். எதிரே இருந்த மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரை ஒரு கண்ணால் பார்த்தபடியே திரும்ப அழைப்பார்கள். அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்ததும், மாதம் முழுவதும் செலவில்லாமல் அழைப்பைப் பெறலாம் என்பதற்காகவே கொத்தனாரும் மீன் விற்பவரும் கைபேசி வாங்கினார்கள். கட்டண விதியில் நிகழ்ந்த ஒரேயொரு மாற்றத்துக்கு அத்தனை வலிமை இருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

பதில் 2: வழக்கறிஞர், சென்னை

ஐயா கூறியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அவர் பாராட்டும் அதே வருவாய்ப் பகிர்வுக்குள் இருந்த ஒரு சொல்தான் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு துறையை உலுக்கியது என்பதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும். வருவாயில் பங்கு என்றால், எது வருவாய்? தொலைபேசிச் சேவையில் கிடைப்பது மட்டுமா, அல்லது வங்கி வட்டி, கட்டட வாடகை, சொத்து விற்ற இலாபம் ஆகியவையும் சேருமா? உரிம ஒப்பந்தத்தின் வரையறை விரிவானது என்றது தொலைத்தொடர்புத் துறை, நிறுவனங்கள் மறுத்தன. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தக் காலம் முழுவதும் நிலுவை வளர்ந்தது, அதன்மேல் வட்டியும் அபராதமும், அபராதத்தின்மேல் வட்டியும் சேர்ந்துகொண்டே இருந்தன. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் விளக்கத்தை ஏற்றபோது, உரிமக் கட்டண நிலுவை மட்டும் 92,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது.

2021 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, தொலைத்தொடர்பு சாராத வருவாயை இனி கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்து, நிலுவைக்கு நான்கு ஆண்டு அவகாசமும் அளித்தது. வட்டிக்கு ஈடாகப் பங்குகளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டின்படி, 2023இல் வோடஃபோன் ஐடியா நிறுவனத்தில் அரசே மிகப் பெரிய பங்குதாரர் ஆயிற்று. கட்டணம் வசூலிக்கும் அரசு, வாங்க வேண்டியதை வாங்க முடியாமல் நிறுவனத்தின் பங்காளியாகும் அளவுக்கு ஒரு வரையறை கொண்டுபோய் விட்டிருக்கிறது. இதைச் செய்ததும் சந்தைதானா என்று உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

பொருளியல் மாணவி

மிக்க நன்றி. ஐயா குறிப்பிட்ட பத்திகளை இன்றே மீண்டும் படிக்கிறேன். 2016க்குப் பிறகு டேட்டா விலை சரிந்ததையாவது முழுக்கச் சந்தையின் கணக்கில் எழுதலாமா? அதுபற்றியும் இரண்டு வரி எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 2 தொடர்கிறது: வழக்கறிஞர், சென்னை

அதையும் தனித்துப் பார்க்க முடியாது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்தின் எண்ணை அழைத்தால், முதல் நிறுவனம் இரண்டாவதற்கு இணைப்புக் கட்டணம் தர வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வணிகச் சேவையைத் தொடங்கிப் பேச்சை இலவசமாக்கியபோது, அது நிமிடத்துக்கு 14 காசு. வெளியே செல்லும் அழைப்பு மிகுந்த புதிய நிறுவனத்துக்கு அது செலவு, பழைய நிறுவனங்களுக்கு வரவு. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 அக்டோபர் 1 முதல் அதை 6 காசாகக் குறைத்தது. 2021 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீக்கியது. அந்தக் குறைப்பு சரியா என்பதில் இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு. நுகர்வோருக்கு நன்மையே என்பது என் கருத்து. ஆயினும் குறைத்த நேரம் ஒரு தரப்புக்குச் சாதகமாக அமைந்ததை மறைக்காமல் எழுதுங்கள்.

சில இணையதளங்களை மட்டும் இலவசமாகவோ தனி விலையிலோ தருவதை டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று தடைசெய்ததையும் விட்டுவிடாதீர்கள். விலை குறைவதற்குச் சில மாதங்கள் முன்பே, குறைந்த விலையில் கிடைக்கப்போவது முழு இணையமாகவே இருக்கும் என்பதை அந்த ஆணை உறுதி செய்திருந்தது.

பதில் 3: இ-சேவை மையம் நடத்துபவர்

நகரத்துக் கணக்கே பேசப்படுவதால் ஊர்ப்புற அனுபவம் ஒன்றைச் சேர்க்கிறேன். நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 8 விழுக்காட்டை உரிமக் கட்டணமாகச் செலுத்துகின்றன; அதில் வருவாயின் 5 விழுக்காட்டுக்குச் சமமான பகுதி, எட்டாத பகுதிகளுக்குச் சேவை கொண்டுசெல்லும் நிதிக்கு உரியது. நாட்டின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டம் 2011 அக்டோபரில் அந்த நிதியை நம்பித்தான் ஒப்புதல் பெற்றது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளும் அதில் அடக்கம். இங்கே பெரும்பாலும் மின்கம்பங்களின் வழியாகவே கம்பி செல்கிறது.

கம்பி போடுவதைவிட அதைக் காப்பாற்றுவது கடினம். எங்கள் பகுதிக்கு வரும் தனியார் கம்பி மண்ணுக்கு அடியில் செல்கிறது. சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன் சென்ற ஆண்டு அதை அறுத்துவிட்டது. இணைக்க வேண்டியவர் யார் என்று தீர்மானமாக 19 நாட்கள் ஆயின. முதியோர் ஓய்வூதியத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க வந்தவர்களை அத்தனை நாளும் திருப்பி அனுப்பினேன்; ஒரு பாட்டி மூன்று முறை பேருந்துக் கட்டணம் கொடுத்து வந்து போனார். தோண்டுவதற்கு முன் கம்பியின் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியும் வெளியிட்டது. ஆனால் அன்று பொக்லைன் ஓட்டியவருக்கோ அவரை அனுப்பிய ஒப்பந்ததாரருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. சாலைப் பணி ஒப்பந்தத்தில் அறுபட்ட கம்பிக்கான இழப்பீடும் சீர்செய்யும் கால வரம்பும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் மாவட்டத்தில் ஓர் ஒப்பந்தத்தையாவது வாங்கிப் பாருங்கள் அம்மா; தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பெறலாம்.