எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் விருந்தாளிதானா? தாய்லாந்தில் ஒரு பிரித்தானிய ஓய்வூதியரின் கேள்வி

வெண்மணல் (ஹுவா ஹின்):
நேற்றுக் காலை குடிவரவு அலுவலகத்தில் தொண்ணூறு நாள் அறிக்கை கொடுத்துவிட்டு வந்தேன். அதே வீடு, அதே தெரு, அதே ஆள். ஆனாலும் "இன்னும் இங்கேதான் இருக்கிறேன்" என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசுக்குச் சொல்லியாக வேண்டும். தவணை கடந்து ஏழு நாளுக்கு மேல் போனால் 2,000 பாட் தண்டம்.

நான் 1979-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் போனவன். 37 ஆண்டுகள் பஸ் ஓட்டினேன். 2016 மே மாதம் 65 வயதில் ஓய்வு பெற்றேன். மனைவிக்கு மூட்டுவலி, இலண்டன் குளிர் அவரை வாட்டியது. அதனால் இங்கே வந்தோம். காலையில் சந்தைக்குப் போனால் மீன் விற்கும் அம்மா "கின் காவ் ரூ யாங்" என்பார். "சாப்பிட்டாச்சா" என்பதுதான் அதன் பொருள். ஊரில் கேட்டு வளர்ந்த அதே கேள்வி. எட்டு மணிக்குப் பஸ் நிலையத்தில் தேசிய கீதம் ஒலித்தால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள், நானும் நிற்பேன். இந்த ஊரை நான் மனதார நேசிக்கிறேன்.

ஆனால் இரண்டு அரசுகளும் என்னை நடத்தும் விதம் உறுத்துகிறது. 2016-இல் எனக்குக் கிடைத்த முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண். 2025-இலும் அதே 155.65. பிரித்தானியாவில் இருந்திருந்தால் ஆண்டுதோறும் உயர்ந்து அந்த ஆண்டில் 230.25 ஆகியிருக்கும்; தாய்லாந்தில் வாழ்பவருக்கு அந்த உயர்வு இல்லை. உழைத்த நாடு என்னைப் போனவன் என்கிறது. வாழும் நாடு வந்தவன் என்கிறது. இது நியாயமா?

கணக்கன் (ஹாரோ, இலண்டன்):
ஐயா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஓய்வூதியம் பற்றிய வாதத்தை ஏற்க முடியவில்லை. ஓய்வூதியத்துக்காக நாம் கட்டும் தேசியக் காப்புறுதி என்பது உங்கள் பெயரில் சேர்த்து வைத்த உண்டியல் அல்ல. இன்று வேலை செய்கிறவன் கட்டுகிறான், இன்றைய முதியவர் பெறுகிறார். என் சம்பளத்தில் 8 சதவீதம் அதற்குப் போகிறது. அந்தப் பணம் ஹாரோவில் செலவானால் இங்குள்ள கடைக்காரனுக்கு வருமானம், அரசுக்கு வரி. ஹுவா ஹின் மீன்சந்தையில் செலவானால் எங்களுக்கு என்ன?

இது நேற்று வந்த விதியும் அல்ல. நீங்கள் புறப்படும்போதே நடைமுறையில் இருந்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 13 ஓய்வூதியர்கள் வழக்குத் தொடுத்து 2010-இல் தோற்றார்கள். தெரிந்து எடுத்த முடிவின் விலையை இளையவர்களின் தலையில் வைக்காதீர்கள்.

வெண்மணல்:
தம்பி, அந்தத் தீர்ப்பை நானும் படித்தேன். 17 நீதிபதிகளில் 6 பேர் ஓய்வூதியர்களின் பக்கம் நின்றார்கள். சட்டத்துக்கு முரண் இல்லை என்றுதான் பெரும்பான்மை சொன்னது. நியாயம் என்று சொல்லவில்லை.

வெளியே செலவாகும் பணம் என்பதுதான் காரணம் என்றால் பிலிப்பைன்ஸுக்கு ஏன் உயர்த்திக் கொடுக்கிறார்கள்? என்னோடு அதே பணிமனையில் பஸ் ஓட்டியவர் மணிலாவில் இருக்கிறார். ஒவ்வொரு ஏப்ரலும் அவருக்கு உயர்கிறது. அமெரிக்காவில் இருந்தாலும் உயரும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உயராது. உயர்வு தருவதற்குத் தாய்லாந்தோடு ஒப்பந்தம் இல்லையாம். அதுதான் முழுக் காரணமும். இன்னொன்று: நான் இங்கே இருக்கும்வரை தேசிய சுகாதார சேவைக்கு ஒரு பென்னிகூடச் செலவில்லை. 74 வயதுக்காரனுக்கு ஹாரோவில் என்ன செலவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

கோராட் டீச்சர்:
நான் மதுரைக்காரி. நகோன் ராட்சசீமாவில் பள்ளி ஆசிரியை. ஊர்க்காரர்கள் சுருக்கமாகக் கோராட் என்பார்கள். ஓய்வூதியம் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் தாய்லாந்தையும் பிரிட்டனையும் ஒரே தராசில் வைத்ததை ஏற்க மாட்டேன்.

நானும் தொண்ணூறு நாள் அறிக்கை கொடுக்கிறேன் ஐயா. தபாலில் அனுப்பலாம், இணையத்திலும் கொடுக்கலாம். உங்களைப் போன்ற ஓய்வூதியர்களின் ஓராண்டு விசா நீட்டிப்புக்குக் கட்டணம் 1,900 பாட். ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். வங்கியில் 800,000 பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. மறுபக்கத்தையும் பாருங்கள். என் சக ஆசிரியை ஒருவர் ஆங்கிலேயரை மணந்தவர். கணவரோடு பிரிட்டனில் வாழ ஆசைப்பட்டார். 2024 ஏப்ரல் முதல் அதற்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும். சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு தனி. கணவரின் சம்பளம் எட்டவில்லை. இப்போது அவர் அங்கே, இவர் இங்கே. வார இறுதியில் கைபேசித் திரையில் குடும்பம் நடத்துகிறார்கள். கணவன் மனைவியையே பிரித்து வைக்கிற நாட்டோடு, முகவரி மட்டும் கேட்கிற நாட்டை எப்படிச் சமமாக்குகிறீர்கள்?

மலையடி (சியாங் மாய்):
டீச்சர் சொல்லும் கொடுமை உண்மை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. பிரித்தானியா வாசலை ஒடுக்கமாக வைத்திருக்கிறது. கணவன் அல்லது மனைவியாக நுழைந்துவிட்டால் ஐந்து ஆண்டில் நிரந்தர வதிவிடம், பிறகு குடியுரிமை, வாக்கு எல்லாம் உண்டு. தாய்லாந்து திண்ணையில் தாராளமாக உட்காரச் சொல்கிறது, இளநீரும் தருகிறது. உள்ளே மட்டும் விடாது. நிரந்தர வதிவிடம் ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று வரம்பு. அதிலும் பெரும்பாலும் வேலை செய்து வரி கட்டியவர்களுக்குத்தான் வழி. பெரும்பாலான ஓய்வூதியர்களுக்குச் சாகும்வரை ஓராண்டு விசா முத்திரைதான்.

என் பக்கத்து வீட்டுக்காரர் யோர்க்ஷயர் ஆள். மனைவியின் பெயரில் நிலம் வாங்கித் தன் சேமிப்பில் வீடு கட்டினார். வெளிநாட்டவர் நிலம் வைத்திருக்க முடியாதல்லவா? மனைவி இறந்தார். வாரிசாக வந்த நிலத்தை ஓராண்டுக்குள் விற்றாக வேண்டும் என்றார்கள். மாசி, பங்குனியில் மலைகள் எரிந்து ஊரே புகையில் மூழ்கும்போதுகூட இந்த ஊரைவிட்டு நகராத மனிதர் அவர். தான் நட்ட லொங்கன் மரத்தடியில் நின்று, வீடு பார்க்க வந்தவர்களுக்கு வழி காட்டியதை நான் பார்த்தேன். அதற்கு என்ன பதில்?

கோராட் டீச்சர்:
மனம் கனக்கிறது. ஆனாலும் பதில் உண்டு. சுற்றியுள்ள நாடுகளெல்லாம் பிரிட்டனிடமும் பிரான்சிடமும் போனபோது காலனியாகாமல் தப்பிய நாடு இது. நிலத்தில் அவர்கள் காட்டும் எச்சரிக்கை அந்த நினைவிலிருந்து வருகிறது. எங்கள் பள்ளிப் பணியாளரின் குடும்பத்துக்குச் சொந்தமாக ஆறு ராய் (தாய்லாந்து நில அளவு) நெல்வயல் இருக்கிறது. பவுண்டோடு வருகிறவர்கள் போட்டி போட்டு வாங்க முடிந்தால் அந்த வயல் அவரிடம் எத்தனை நாள் இருக்கும்? அடுக்குமாடிக் கட்டடத்தில் 49 சதவீதப் பரப்பு வரை வெளிநாட்டவர் சொந்தமாக வாங்கலாம். மனைவியின் நிலத்திலும் வாழ்நாள் அனுபவ உரிமையைப் பத்திரத்தில் பதிந்து கொள்ளலாம். அதைப் பதிந்திருந்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அங்கேயே இருக்க ஒரு வழி இருந்திருக்கலாம்.

மலையடி:
அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை டீச்சர். தாய்லாந்து எழுத்தில் இருந்த பத்திரத்தில், அன்பு ஒன்றை மட்டும் நம்பிக் கையெழுத்திட்டவர். சட்டத்தின் காரணம் புரிகிறது. 20 ஆண்டு வாழ்ந்தவனுக்கும் நேற்று இறங்கியவனுக்கும் வேறுபாடு காட்டாத சட்டம் என்பதுதான் என் குறை. அதில் நான் மாறவில்லை.

வெண்மணல்:
டீச்சர், உங்கள் சக ஆசிரியையின் கதை இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு நாடுகளையும் சேர்த்துக் குற்றம் சொன்னது தவறு.

ஒன்று சொல்கிறேன். இங்கே வெள்ளையர்களை "பராங்" என்பார்கள். கொய்யாப் பழத்துக்கும் அதுவே பெயர். நான் அதே பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் என்னை அப்படி அழைப்பதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு "கேக்" என்ற சொல். பாங்கொக் சீலோம் வீதியில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலையும் "வாட் கேக்" என்றுதான் சொல்கிறார்கள். முதலில் அந்தச் சொல் என்னைக் காயப்படுத்தியது. பிறகுதான் அதற்கு விருந்தாளி என்றும் பொருள் இருப்பது தெரிந்தது. தாய்லாந்து எனக்கு எதையும் வாக்களிக்கவில்லை. விருந்தாளி என்று முதல் நாளே சொல்லிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடுகிறேன். இனி அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கன் தம்பி, 2025 கணக்கில் வித்தியாசம் வாரம் 74.60 பவுண் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,880 பவுண். மனைவியின் மருந்தும் மின்கட்டணமும் அதில் அடங்கிவிடும். என் ஓய்வூதியம் 65,000 பாட் என்ற வரம்பில் பாதிக்கும் குறைவு; அதனால் 800,000 பாட்டை வங்கியில் வைத்துவிட்டு, அவசரத்துக்கும் அதில் முழுதாகக் கை வைக்க முடியாமல் இருக்கிறேன். உங்கள் பெற்றோர் ஊருக்குத் திரும்ப நினைத்தால் என்ன செய்வீர்கள்? இலங்கைக்கும் உயராது, இந்தியாவுக்கும் உயராது.

கணக்கன்:
அம்மா அடுத்த ஆண்டு நல்லூருக்குத் திரும்ப விரும்புகிறார் ஐயா. உயராது என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். தெரிந்தே போகிறார், வித்தியாசத்தை நான் ஈடுகட்டுவேன். மணிலாவுக்கு ஒரு நீதி, ஹுவா ஹின்னுக்கு ஒரு நீதி என்பது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழந்த ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்துக் கொடு என்றால் என் வாக்கு அதற்கு எதிராகத்தான் விழும். இனிவரும் உயர்வை மட்டும் கேளுங்கள், உங்களோடு நிற்கிறேன்.

வெண்மணல்:
பழையதை நான் கேட்கவில்லை தம்பி. இனிமேல் வருவது வந்தால் போதும். அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: அவர் உங்களைப் பார்க்க ஹாரோ வந்து தங்கும் நாட்களுக்கு உயர்ந்த தொகை கிடைக்கும். வருவதையும் திரும்புவதையும் ஓய்வூதிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எனக்கு அது நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.